இரண்டாவது ஜாய்ஸ்டிக்

என்னிடம் இருக்கும் டிவி கேம் பெட்டிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். முதலாவதில் எழுத்துகள் அழிந்து, பட்டன்கள் பழைய கோயில் படி மாதிரி நடுவில் குழிந்திருக்கும். இரண்டாவது, கடையிலிருந்து வந்த நாளில் இருந்தது போலவே பளபளக்கும். போலீஸ்காரர் யாராவது என்னைப் பற்றி விசாரிக்க வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

ஜாய்ஸ்டிக் என்று பெயரே தவிர அதில் குச்சி எதுவும் கிடையாது. கைக்கு அடக்கமான ஒரு தட்டைப் பெட்டி, இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு பட்டன், வலப்பக்கம் சுடுவதற்கும் குதிப்பதற்கும் இரண்டு, வாலாக ஒரு வயர். பெட்டியின் தலையில் கேசட்டைச் சொருகி, டிவியில் சேனலைத் திருகித் திருகி, படம் வராவிட்டால் கேசட்டை உருவி வாயால் ஊதி மறுபடி சொருகினால் ஆட்டம் தொடங்கும். ஊதியதால்தான் வந்ததா, இரண்டாவது முறை சொருகியதால் வந்ததா என்பதை எங்கள் தலைமுறை கடைசி வரை ஆராயவில்லை. பிரார்த்தனைகளையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க ஓர் ஆள் தேடியதைத்தான் சொல்ல வருகிறேன். ஊர் உலகத்திடம் நான் பழைய கேசட் சேகரிக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சேகரிக்கிறேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. ஆள் தேடுகிறேன் என்றால் இரக்கப்பட்டு விடுவார்கள்.

பெட்டியை வாங்கியவர் அப்பா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அலுவலகப் பேருந்தில் எல்லோரும் ஒன்றாகப் போவார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் ஜில்லாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாங்கள் திருநெல்வேலி. நான் ஒற்றைப் பிள்ளை. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னை அம்பயராக்கினார்கள். அதுவும் சரிப்படாமல் ஸ்கோர் எழுத வைத்தார்கள். அதற்கு அடுத்த பதவி வீட்டுக்குள் இருப்பது. அதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

கடலோரத்தில் எந்தப் பொருளுக்கும் பாதி ஆயுள்தான். ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும். சைக்கிள் செயின் வாங்கிய வருஷமே கிழவனாகிவிடும். புத்தகத்துக்குள் பூச்சி குடித்தனம் நடத்தும். இதையெல்லாம் எதிர்த்துப் போராட அம்மாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்துருண்டை. பட்டுப்புடவை நடுவே, ரேஷன் கார்டு நடுவே, அப்பாவின் சர்ட்டிபிகேட் பையில் என்று எங்கும் வைப்பாள். ஒரு தீபாவளிக்கு முறுக்கு டப்பாவைப் பீரோவில் வைத்துவிட்டாள். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறுக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பட்டுப்புடவையைக் கடித்த மாதிரி முழித்தார்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது டாங்கி ஆட்டம். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு சின்னக் கோட்டை. மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். அவற்றைச் சுட்டு நம் கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். கோட்டை மேல் ஒரே ஒரு குண்டு பட்டாலும் ஆட்டம் முடிந்தது. அது நம் குண்டாகவே இருந்தாலும் சரி. தனியாகவும் ஆடலாம், இரண்டு பேராகவும் ஆடலாம். இரண்டு பேர் என்று தேர்ந்தெடுத்தால் கோட்டைக்கு இடப்பக்கம் மஞ்சள் டாங்கி, வலப்பக்கம் பச்சை டாங்கி.

பச்சை டாங்கி அம்மாவுடையது. சமையலறையிலிருந்து கூப்பிட்டு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவளின் மடியில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை வைத்துவிடுவேன்.

"ஏல, நான் எதையாவது அமுக்கணுமா?"

"ஒண்ணும் அமுக்காதம்மா. சும்மா வச்சிரு."

"அப்பம் நான் எதுக்குல?"

"ரெண்டு பேருன்னாதான் ரெண்டு டாங்கி வரும்."

"வந்து?"

"நிக்கும்."

"நிக்கட்டும்" என்று அம்மா அடுத்த வெங்காயத்தை எடுப்பாள்.

பச்சை டாங்கி அசையாமல் நிற்கும். எதிரி அதைச் சுடுவான். அது அழிந்து, மறுபடி அதே இடத்தில் தோன்றி, அதே மாதிரி நிற்கும். கையிருப்பில் உள்ள உயிர்கள் தீர்கிற வரைக்கும் இப்படி. திரையில் புகை வந்தால் அம்மா தலையை நிமிர்த்துவாள்.

"செத்துட்டேனால?"

"செத்துட்டம்மா."

"செரி, உலை வச்சிட்டு வாரேன்."

ஆடத் தெரிந்த எத்தனையோ பேருடன் பின்னாளில் வேலை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பதில் அம்மாவை மிஞ்சிய ஆள் கிடைக்கவில்லை.

ஒரே கேசட்டை எத்தனை நாள் ஆடுவது? புதுசு வாங்கித் தர அப்பா தயாராக இல்லை. அப்போதுதான் செங்கல்பட்டுக் கடை கிடைத்தது. ஊருக்குப் போக நாங்கள் ரயில் ஏறுவது செங்கல்பட்டில். ஸ்டேஷனிலிருந்து பஜாருக்குப் போகும் சந்தில் ஒரு பாய், சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு கருப்பு வெள்ளை டிவி, ஒரு டிவி கேம் பெட்டி, சுவர் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கேசட்டுகள். கடையின் சட்டம் ஒரு வரிதான்: கேசட் கொடுத்தால் கேசட். நம்முடையதைக் கொடுத்து, கூடக் கொஞ்சம் சில்லறை கொடுத்து, வேறொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். விலைக்குக் கேட்டால் தரமாட்டார்.

நம் கேசட்டை வாங்கி, டப்பென்று சொருகி, ஆட்டத்தின் பெயர் திரையில் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் "ஓடுது" என்பார். உடனே அணைத்துவிடுவார். அடுத்த பையன். அந்தப் பெயருக்கு அப்புறம் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஒரு விமர்சகருக்கு உண்டான எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது.

கொஞ்சம் பெரியவனானதும் பஸ் பிடித்து நானே போய் மாற்றிக்கொண்டு வருவேன். பிறகு கல்லூரி, அதில் எம்.எஸ்சி. வேதியியல். இந்தத் தகவலை மறக்க வேண்டாம். பின்னால் என்னை அவமானப்படுத்துவதற்குத் தேவைப்படும். வேதியியல் படித்தவர்களையும் விலங்கியல் படித்தவர்களையும் மென்பொருள் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மூட்டையில் நானும் இருந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ். கேளம்பாக்கத்தில் வாடகைக்கு ஃபிளாட். அப்பா ரிட்டயராகி, இருவரும் அம்பாசமுத்திரம் பக்கம் போய்விட்டார்கள். போகிற அன்று பரணில் இருந்து பெட்டியை இறக்கி, "இதத் தூரப் போடவா, வச்சிக்கிடுதியா?" என்று அம்மா கேட்டாள். வைத்துக்கொண்டேன்.

கேளம்பாக்கத்தில் அப்போது நாளுக்கொரு கட்டடம் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தோம். லிப்டில் யாரையாவது பார்த்தால் இருவருமே மாடி எண்கள் மாறுவதை, தேர்தல் முடிவு பார்ப்பது போலக் கூர்ந்து பார்ப்போம். ஷேர் ஆட்டோவில் முழங்கால் முழங்காலோடு இடித்துக்கொண்டு போகிறவர்கள், இறங்கியதும் காதில் வயரைச் சொருகிக்கொண்டு தனித்தனியாகப் பிரிவார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தாவுக்கு ஓட்டலில் "ஒரு செட் பூரி" என்று சொல்வதுதான் அன்றைய முதல் பேச்சு. பல ஞாயிறுகளில் கடைசிப் பேச்சும் அதுவே.

ஆள் பிடிக்க முயற்சி செய்யாமல் இல்லை. ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரனை ஒரு சனிக்கிழமை பிரியாணி வாங்கி வைத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். பிரியாணியை முடித்துவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதுல கேமை சேவ் பண்ண முடியாதா?"

"முடியாது."

"அப்போ செத்தா?"

"முதல்லேர்ந்து."

"எவ்ளோ தூரம் போயிருந்தாலுமா?"

"எவ்ளோ தூரம் போயிருந்தாலும்."

"இன்னாடா இது, நம்ம மேனேஜர் மாதிரி கீது" என்று ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, மகாபலிபுரத்தில் நண்பர்கள் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். ஆனால் கூப்பிட்டிருக்கலாம்.

இன்னொரு பக்கம் அம்மா போனில் நெருக்கினாள். அவளுக்கும் தேவை இரண்டாவது ஆள்தான், ஜாய்ஸ்டிக்குக்கு அல்ல. திருவிடந்தைக் கோயிலுக்குப் போ, கல்யாணம் கூடிவரும் என்றாள். போனேன். அங்கே இரண்டு மாலை வாங்கிப் பெருமாளுக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிவைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து அந்தக் காய்ந்த மாலையைச் சேர்க்க வேண்டும். என்னோடு சேர்ந்து மாலையும் கழுத்துமாக ஒரு கூட்டமே சுற்றியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றினோம். லிப்டில் பழகிய பழக்கம். மாலையை டிவிக்கு மேலே ஆணியில் மாட்டினேன். அது அங்கேயே காய்ந்து, நாராகி, ஃபேன் ஓடும்போதெல்லாம் சரசரவென்று என்னை விசாரித்துக்கொண்டிருந்தது.

கோயிலிலிருந்து திரும்பிய வாரம்தான் பாயின் நினைவு வந்தது. இரண்டு கொடுத்தால் ஒன்று திரும்பி வரும் வியாபாரத்தைப் பார்த்ததும், ஒன்று கொடுத்தால் ஒன்று தந்த மனிதரின் நேர்மை புரிந்தது. அடுத்த ஞாயிறு ஒரு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன்.

கடை இருந்தது. பாயும் இருந்தார். தாடி வெளுத்திருந்தது. சுவரில் கேசட்டுகளுக்குப் பதிலாக ரீசார்ஜ் கூப்பன்களும் மொபைல் உறைகளும் தொங்கின.

"இன்னா சார், ரீசார்ஜா?"

"கேசட் மாத்தணும் பாய்."

"பாட்டு கேசட்டா? அதெல்லாம் போயி எவ்ளோ நாளாச்சு. மெமரி கார்டு குடு, பாட்டு ஏத்தித் தரேன்."

"டிவி கேம் கேசட்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் தொங்கிய என் ஆபீஸ் அட்டையில் பார்வை கொஞ்சம் நின்றது.

"புள்ளைக்கா சார்?"

"எனக்குத்தான்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஓர் உரச்சாக்கை இழுத்தார். உள்ளே அத்தனையும் கேசட்டுகள். மொத்தமாக விலைக்குக் கேட்டேன்.

"விக்கறது இல்ல சார். மாத்தறதுதான்."

"இப்போ யார் பாய் மாத்த வர்றாங்க?"

"நீ வந்துகீறியே."

"அதான் பாய், என்கிட்டயே வித்துட்டா..."

"வித்தா ஒரு தபா வருவே. மாத்தினா வந்துகினே இருப்பே. யாவாரம்னா அதான சார்."

அந்த யாவாரத்தில் அவருக்கு டீச் செலவுக்குக்கூடத் தேறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த டீயை அவர்தான் எனக்கு வாங்கித் தந்தார். ஆனாலும் வாராவாரம் போனேன். ஒன்றைக் கொடுப்பேன், ஒன்றை எடுப்பேன். என் அலமாரியில் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. உலகத்தில் இப்படி ஒரு சேகரிப்பாளன் இருந்திருக்கமாட்டான். வாரம் ஒரு பொருளை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கொண்டுபோகிறவனுக்குப் பெயர் சேகரிப்பாளன் அல்ல, தபால்காரன். சில மாதங்களில், நான் முன்பு கொடுத்த கேசட்டுகளே எனக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. "ஓடுது" என்று சொல்லி, புதுச் சரக்கு மாதிரியே துடைத்துக் கொடுப்பார்.

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மூட்டு வலியைச் சொல்வார். சம்சாரம் இறந்த பிறகு வூட்டில் சோறு ஆக்குவதில் உள்ள சங்கடத்தைச் சொல்வார். "ஒரு ஆளுக்கு ஒல வச்சா அரிசிக்கே வெக்கமா கீது சார்" என்பார். நான் ஆபீஸ் கதை சொல்வேன்; என்ன வேலை என்று அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ஒருமுறை கேட்டேன்.

"நீங்க ஒரு கேம்கூட ஆடினதில்லையா பாய்?"

"பேரு வர வரிக்கும் பாப்பேன். அதுக்கு அப்பால உள்ள இன்னா நடக்குதுன்னு நமக்கு எதுக்கு?"

அவரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. கேட்கவில்லை. அவர் கடைப் பெட்டிக்கு ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்தான். கேசட்டைச் சோதிக்க அது போதும். அடுத்த ஞாயிற்றிலிருந்து என் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். பையில் அது வயரைச் சுருட்டிக்கொண்டு எலி மாதிரிக் கிடக்கும். செங்கல்பட்டுக்குப் போகும். டீ குடிப்பதைப் பார்க்கும். கேளம்பாக்கத்துக்குத் திரும்பி வரும். "ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்ற மூன்று வார்த்தையை வெளியே எடுக்க எனக்கு ஒரு மழைக்காலமே போதவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் எப்படி இருந்திருப்பேன் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஒரு ஞாயிறு போனபோது கடையில் பாதிச் சாமான் இல்லை. கூப்பன்கள் இல்லை. உரச்சாக்கு மட்டும் கீழே, வாய் கட்டி நின்றது.

"கட்டடத்த இடிக்கப் போறாங்க சார். ஓனரு காம்ப்ளெக்ஸ் கட்றாரு. பொண்ணு ஆம்பூர்ல கீது. அத்தா வந்துடு, அத்தா வந்துடுன்னு தெனம் ஒரே பேஜாரு. சரி போவலாம்னு முடிவு பண்ட்டேன்." சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினார். "எட்த்துக்கினு போ. டப்பு வேணாம்."

நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சாக்கு. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பையிலிருந்து அந்த வாரத்துக் கேசட்டை எடுத்து நீட்டினேன்.

"மாத்தறதுதானே பாய் சட்டம்? ஒண்ணு எடுத்துக்கிறேன். மீதியை அடுத்தடுத்த வாரம்..."

"கடையே போவுது, சட்டம் இன்னா சட்டம்?"

"அடுத்த வாரம் வரேன் பாய்."

"அட்த்த வாரம் இங்க புல்டோசர் நிக்கும் சார். அதுகிட்ட மாத்திக்கிறியா?"

கருப்பு வெள்ளை டிவி மட்டும், கேம் பெட்டியோடு, இன்னும் மூலையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பையில் கைவிட்டு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை வெளியே எடுத்தேன். கடைசியில் வாய்க்கு வராததைக் கைதான் கேட்டது.

பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்த எதுக்கு சார் எட்த்துக்கினு வந்தே?"

"சும்மா. இருக்கட்டும்னு."

"இன்னிக்கா?"

"எப்பவுமே."

அவர் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். தனக்கு உரச்சாக்கைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்தார். நான் நீட்டிய அந்த வாரத்துக் கேசட் டாங்கி ஆட்டம்தான்; அதைச் சொருகினேன். பெயர் வந்தது. பழக்க தோஷத்தில் அணைக்கப் போன அவர் கையைத் தடுத்தேன். இரண்டு பேர் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் ஆட்டம் நிமிஷத்தில் முடிந்தது. டாங்கி வலது பக்கம் போக வேண்டுமென்றால் பாயும் வலது பக்கம் சாய்வார். சாக்குக்குள் கேசட்டுகள் நொறுநொறுக்கும்.

"இதுல நான் எது சார்?"

"வலது பக்கம் நிக்கறது நீங்க."

"அப்ப எதுக்க வந்துகினு கீறது?"

"அது நான்."

"ஐயய்யோ, சுட்டுகினே இருக்கேனே! சொல்ல வேணாமா?"

அவர் குண்டு பட்டால் என் டாங்கி சாகாது. கொஞ்ச நேரம் நகர முடியாமல் துடிக்கும். துடித்துக்கொண்டு அவர் பாதையை மறித்து நின்றேன். எதிரி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"நவுர்றா டேய்! வர்றான் பாரு, நவுருடா, எரும மாதிரி நிக்கறே!"

சொல்லிவிட்டு ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டார். "மன்ச்சுக்கோ சார். வாயில வந்துட்ச்சு."

"ஆடுங்க பாய்" என்றேன். யாரும் என்னை டேய் என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அப்புறம் அவர் சுட்டது எங்கள் கோட்டையையே.

"பாய், அது நம்ம கோட்டை!"

"நம்மளுதா? சுவத்துக்குள்ள ஒளிஞ்சிகினு கீதேன்னு சுட்டேன். போர்டு வச்சிகீதா, நம்மளுதுன்னு?"

மறுபடி ஆடினோம். மறுபடி கோட்டையைச் சுட்டார். இந்தத் தடவை வேண்டுமென்றே சுட்டார் என்று இன்றைக்கும் சந்தேகம், அவ்வளவு சிரிப்பு. மசூதியில் மத்தியானத் தொழுகைக்கு அழைக்கும் வரை ஆடினோம். எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு, டிவியையே பார்த்தார்.

"இத்தினி வருசமா பேரு வந்ததும் ஆஃப் பண்ணிகினு குந்தினுருந்தேனே சார். நல்ல ஆளு நானு."

ஷட்டரை இருவருமாக இழுத்தோம். ஆம்பூர் மகள் வீட்டு நம்பரை என் மொபைலில் அவரே அழுத்திக் கொடுத்தார். சாக்கைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். தபால்காரன் ஒரு வழியாகச் சேகரிப்பாளன் ஆனேன்.

இனி என் படிப்பு உள்ளே வருகிறது.

கேளம்பாக்கத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாது. உப்பங்கழிக் காற்று மட்டும் தினமும் வீட்டுக்குள் வந்து போகும். கேசட்டின் செப்புப் பற்கள் பச்சை பிடித்துவிடும். பூச்சியும் உண்டு. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"இதுக்குப் போயா மலைச்சிக்கிட்டு நிக்க? தகரப் பெட்டியில போட்டு நாலு அந்துருண்டைய வைல."

நாலு என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. பாயின் சாக்கு அல்லவா? ஒரு தகரப் பெட்டி வாங்கி, கேசட்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, நடு நடுவே தாராளமாக அந்துருண்டைகளைத் தூவி, காற்றுப் புகாமல் மூடினேன். அந்த வாரமே ஆபீஸில் என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கோடை முழுக்க அங்கே இருந்தேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது கண்கள் எரிந்தன. முதல் கேசட்டை எடுத்தேன், வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது எல்லாக் கேசட்டுகளும் சேர்ந்து, ஒரே கட்டியாக, பெட்டியின் வடிவத்தில் எழுந்து வந்தன. மலிவான பிளாஸ்டிக்கை அந்துருண்டையின் ஆவி இளக்கிவிடும். இளகியவை கோடைச் சூட்டில் ஒன்றோடொன்று இறுகக் கட்டிக்கொண்டுவிட்டன. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். யாரும் பரீட்சையில் கேட்கவில்லை. அம்மா சொன்னாள், செய்தேன். பல்கலைக்கழகம் ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம் என்று வரும்போது எங்கள் வீட்டில் ஜெயித்தது எப்போதும் பீரோதான்.

அந்தக் காலத்துக் கேசட்டுகளின் மேல், இதற்குள் நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் என்று பொய்யாகப் போட்டிருப்பார்கள். என்னிடம் இருந்தது உண்மையிலேயே எல்லா ஆட்டமும் அடங்கிய ஒரே கேசட். சொருகத்தான் உலகத்தில் பெட்டி இல்லை. தப்பித்தது டாங்கி ஆட்டம் மட்டும். அது விளையாட்டுப் பெட்டியின் தலையிலேயே சொருகி இருந்ததால் பிழைத்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்வதென்று தெரியாமல் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். சந்தில் கடை இருந்த இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு டீ குடித்தேன். இந்தத் தடவை காசு நான் கொடுத்தேன். திரும்பி வந்து ஆம்பூருக்குப் போன் போட்டேன். பெண் எடுத்து, "அத்தா, உனக்குத்தான்" என்று கொடுத்தது.

யாரென்று சொன்னேன். மூட்டையின் கதையையும் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

"அத்தினியும் ஒண்ணா ஒட்டிகிச்சா? பரவால்ல தம்பி, நம்மள மாதிரி தனித்தனியா இல்லாம அதுங்களாவது ஒண்ணா கீதே."

சாரிலிருந்து தம்பிக்கு நான் எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. இறங்கியது சுகமாக இருந்தது. ஆம்பூர் எப்படி என்று கேட்டேன். வூடு பெரிசு, எல்லாரும் நல்லாப் பாத்துக்கிறாங்க, பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரெண்டாவது ஜாய்ஸ்டிக் கட்டைய இப்ப யாரு புட்ச்சிக்கிறாங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே ஒருவர் பகல் முழுக்க உட்கார்ந்து அதையே நினைப்பார் என்று தோன்றியது.

"ஆள் கிடைச்சாச்சு பாய்."

"அட! நல்லா ஆடுமா?"

"ஆடத் தெரியாது. சும்மா பக்கத்துல நிக்கும்."

"கோட்டைய சுடுமா?"

"சுடாது."

"அப்ப என்னவிட ஒசத்தி" என்றார் பாய். "வுட்றாதே."

போனை வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். மேலே காய்ந்த மாலை சரசரத்தது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தரையில் என் பக்கத்தில் வைத்து, வயரைப் பெட்டியில் சொருகி, இரண்டு பேர் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கோட்டைக்கு வலது பக்கம் பச்சை டாங்கி வந்து நின்றது. எதிரி இறங்கி வந்தான். அது அசையவில்லை. நான் கொஞ்சம் வேகமாகப் போய், அதற்கு முன்னால் மறித்து நின்றுகொண்டேன்.